பறக்கும் துரையும் இதர இனங்கள் பிரிவும்

செஞ்சி தாலுகா கச்சேரியில் ‘இதர இனங்கள்’ என்று ஒரு பிரிவு இருந்தது. நிலவரி, பட்டா, பாசனம், அரிசிப் பங்கீடு என்று பெயர் சொல்லக்கூடிய காரியங்களுக்கெல்லாம் தனித்தனிக் குமாஸ்தாக்கள் இருந்தார்கள். பெயர் சொல்ல முடியாத காரியங்கள் மேஜைக்கு மேஜை தள்ளப்பட்டு, கடைசியில் ஜன்னலோரத்து மேஜையில் வந்து நிற்கும். திருவிழா ராட்டினம், தெருக்கூத்து, நாடகம், வெறிநாய், பட்டியில் அடைபட்ட மாடு, உரியவர் வராத குடை ஆகியவை இதர இனங்கள். அந்த மேஜையை ஆண்டவர் யாகப்பன்.

யாகப்பன் நல்ல மனிதர். இதை அவர் மனைவி ஜோசப்பினே ஒப்புக்கொள்வாள். ஆனால் ஆட்சேபணை இல்லாமல் ஒரு மனுவும் அவர் மேஜையைத் தாண்டியதில்லை. பட்டியில் அடைத்த பசுவை விடுவிக்கச் சொல்லி ஒருவன் மனுக் கொடுத்தால், பசுவின் நிறம் எழுதவில்லை என்று திருப்பி அனுப்புவார். நிறம் எழுதி வந்தால் கொம்பு எந்தப் பக்கம் வளைந்தது என்று கேட்பார். கொம்பு எழுதி வருவதற்குள் பசு பட்டியிலேயே கன்று ஈன்றிருக்கும். கன்றுக்குத் தனி மனு. இதில் அவருக்கு யார் மேலும் கோபம் கிடையாது. மனுவில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்காவிட்டால் சர்க்கார் தனக்கு எதற்குச் சம்பளம் கொடுக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

அப்போது யுத்த காலம். அரிசிக்குப் பங்கீடு, மண்ணெண்ணெய்க்குப் பங்கீடு, காகிதத்துக்குப் பஞ்சம். சினிமாவுக்கு மட்டும் சர்க்கார் ஏனோ பங்கீடு வைக்க மறந்துவிட்டது. சந்தைமேட்டில் ஒரு டூரிங் டாக்கீஸ் வந்து கூடாரம் அடித்தது. கூடாரக்காரரிடம் ஓர் இங்கிலீஷ் படம் இருந்தது. படத்தின் பெயரை அவராலும் படிக்க முடியவில்லை, செஞ்சியில் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் கூடாரத்துக்கு வருவதாகவும் இல்லை. ஆகவே படம் பார்த்தபின் தம் சொந்தப் பொறுப்பில் ‘பறக்கும் துரை’ என்று தட்டியில் எழுதி வைத்துவிட்டார்.

யாகப்பன் படம் பார்க்கப் போகவில்லை. தீயணைக்க வைத்திருக்கும் வாளிகளில் மணல் இருக்கிறதா என்று சோதிக்கத்தான் போனார். ஒரு வாளியில் மணலுக்குப் பதில் வேர்க்கடலைத் தொலி இருந்ததைக் கண்டு, மகிழ்ச்சியோடு பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் துரை பறந்தான்.

பேனா சட்டைப் பைக்குத் திரும்பிப் போயிற்று.

பகலில் அந்தத் துரை ஏதோ ஓர் ஆபீசில் எழுத்து வேலை செய்கிற சாது. மேலதிகாரி திட்டுவார், பெண்கள் சிரிப்பார்கள், பியூன்கூட மதிக்க மாட்டான். ஆபத்து என்று எங்காவது ஒரு கூச்சல் கேட்டால் போதும், கதவுக்குப் பின்னால் போவான். திரும்பி வரும்போது முகத்தில் முகமூடி, முதுகில் ஒரு துப்பட்டி, நீளக் கால்சட்டைக்கு மேலே ஒரு குட்டைக் கால்சட்டை. துப்பட்டி என்ன நிறம் என்று தெரியவில்லை, கறுப்பு வெள்ளைப் படம். சிவப்பு என்று யாகப்பன் தீர்மானித்தார். அந்தக் கோலத்தில் துரை ஒரு ரயிலைத் தூக்கி ஓரமாக வைத்தான். ஜனங்கள் விசிலடித்தார்கள். யாகப்பன் அடிக்கவில்லை. வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ரயிலைத் தூக்கியது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தூக்குவதற்கு முன் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் அவரை உலுக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “ஜோசப்பின், நானும் ஒரு கதை எழுதப் போறேன்.”

“எழுதுங்க. யாரு மாட்டைப் பத்தி?”

“மாடு இல்ல. நாடகம். மாவீரன் ஒருத்தன், முகமூடி போட்டுக்கினு பறக்கிறான்.”

ஜோசப்பின் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “காலையில கொஞ்சம் கசாயம் வச்சுத் தரேன்” என்றாள்.

ஆனால் யாகப்பன் எழுதித்தான் தீர்த்தார். காகிதம் கிடைக்காத காலமாகையால், தள்ளுபடியான மனுக்களின் வெற்று முதுகில் எழுதினார். அந்தச் சரக்குக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. நாடகத்தின் பெயர் ‘முகமூடி மாவீரன்’. கதாநாயகன் பகலில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா. கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் வழுக்கை, ஆனால் கண்களில் அபாரமான ஒளி. கருங்கண்ணன் என்கிற கள்ளமார்க்கெட் வியாபாரி ஊர் அரிசியைப் பதுக்குகிறான். மழையில் பனமலை ஏரி உடைகிறது. ஒரு குழந்தை வெள்ளத்தில் போகிறது. கச்சேரி பார்த்துக்கொண்டு நிற்கிறது. குமாஸ்தா கோட்டை மலையான ராஜகிரியின் உச்சியிலிருந்து பாய்ந்து, ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் கருங்கண்ணனையும் தூக்கிக்கொண்டு வருகிறான்.

படித்துக் காட்டியபோது ஜோசப்பின் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்த அபாரமான ஒளி யாருக்கு இருக்குது?”

“கதைதானே” என்றார் யாகப்பன்.

மாவீரனாகத் தாமே நடிக்க அவருக்கு ஆசை. ஆனால் சிவப்புப் போர்வையை முதுகில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தபோது, குளிர்சுரக்காரர் ஒருவர் கண்ணாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். எனவே வேடம் ஜீவராஜ் நயினாருக்குப் போயிற்று. ஜீவராஜ் வேர்க்கடலை வியாபாரி, சமணர், அகன்ற மார்பும் கணீர்க் குரலும் உள்ளவர். மேடைச் செலவையும் ஏற்றுக்கொண்டார். நிபந்தனைகள் இரண்டுதான்.

“நான் யாரையும் அடிக்க மாட்டேன். எங்க தர்மம் அது.”

“அப்போ கருங்கண்ணனை இன்னா பண்றது, நயினார்?”

“புத்தி சொல்லலாம்.”

“எவ்ளோ நேரம்?”

“திருந்தற வரைக்கும். ஆனா பொழுது சாயறதுக்குள்ள திருந்திடணும். விளக்கு வச்சப்புறம் நான் சாப்பிடறதில்ல.”

மண்ணெண்ணெய் இல்லாத ஊரில் இது நல்ல யோசனைதான். மாதா கோயில் திருவிழா அன்று மத்தியானமே நாடகம் என்று முடிவாயிற்று. பாக்கி இருந்தது அனுமதி.

சட்டப்படி மேடையேறும் எந்த நாடகத்தையும் தாலுகா கச்சேரி படித்துப் பார்க்க வேண்டும். யாகப்பன் மனு எழுதிக் கச்சேரித் தபாலில் சேர்த்தார். சேவகன் பாவாடை அதை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனான். கடைசியில் ஜன்னலோரம் வந்து யாகப்பன் முன்னாலேயே வைத்தான்.

“இன்னாடா இது?”

“நாடகம் இதர இனம்தானே, சாமி.”

யாகப்பன் தாசில்தார் சுந்தரமூர்த்தியிடம் ஓடினார். தம் நாடகத்தைத் தாமே பரிசீலிப்பது முறையல்ல, வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்றார்.

தாசில்தார் யோசித்தார். “வேற பிரிவுக்கு மாத்தணும்னா கடலூர்க் கலெக்டர் ஆபீசுக்கு எழுதணும். பதில் வர்றதுக்குள்ள யுத்தம் முடிஞ்சுடும். நீரே பாரும். மனுதாரர் யாருன்னு தெரியாத மாதிரி பாரும்.”

“ஆட்சேபணை ஒண்ணும் இல்லேன்னு எழுதிடட்டுங்களா?”

தாசில்தாரின் முகம் மாறியது. “இத்தனை வருஷ சர்வீஸ்ல உம்ம மேஜையிலேர்ந்து ஆட்சேபணை இல்லாம ஒரு ஃபைல் வந்திருக்கா? உம்ம சொந்த நாடகம் மட்டும் சுத்தமா வந்தா மேல இருக்கிறவங்க இன்னா நினைப்பாங்க? எனக்கும் சேர்த்துத்தானே கேடு?”

நியாயம். யாகப்பன் மேஜைக்குத் திரும்பி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவன் எழுதிய நாடகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலேயே பிழை கண்ணில் பட்டது. ஆசாமி லேசுப்பட்டவன் இல்லை, சர்க்கார் மனுக் காகிதத்தின் முதுகில் எழுதியிருக்கிறான்!

அன்று மாலை வீட்டுக்கு வந்தால், பாவாடை நேரில் கொண்டுவந்து கொடுத்த நோட்டீசோடு ஜோசப்பின் வாசலில் நின்றாள். யாகப்பன் பிரித்துப் படித்தார். முகம் சிவந்தது.

“கள்ளமார்க்கெட் வியாபாரியைக் காட்டினா பங்கீட்டுத் திட்டத்துக்கே இழுக்காம்! ஏரி உடைஞ்சா பொதுப்பணித் துறைக்கு அவமானமாம்! குழந்தை தானாவே தவறி விழுந்ததா மாத்தணுமாம், ஏன்னா குழந்தை எந்தத் துறையையும் சேர்ந்தது இல்லியாம்! எந்த மடையன் இதை எழுதினான்?”

“கீழே கையெழுத்துப் போட்டிருக்கறாரே, பாருங்க” என்றாள் ஜோசப்பின். “நல்ல அழகான கையெழுத்து.”

அவர் உள்ளே போய் நாடகத்தைத் திருத்தினார். காலையில் கச்சேரிக்குப் போய்த் திருத்தத்தைப் படித்தார். திருத்தத்திலும் குறைகள் இருந்தன. கருங்கண்ணனை வியாபாரியிலிருந்து எதிரிநாட்டு ஒற்றனாக மாற்றியிருந்தார் மனுதாரர். ஒற்றன் செஞ்சி வரை வந்துவிட்டான் என்று மேடையில் சொன்னால் ஜனங்கள் பீதியடைய மாட்டார்களா? மறுபடி நோட்டீஸ். வீட்டில் ஒற்றனை அரக்கனாக்கினார். அரக்கன் என்றால் எந்த மதத்து அரக்கன் என்று கச்சேரியில் கேட்டார். பகலெல்லாம் வெட்டினார், சாயங்காலமெல்லாம் அழாத குறையாக ஒட்டினார். சோறு இறங்கவில்லை.

“அந்தக் குமாஸ்தாவை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு நல்லபடியா சாப்பாடு போட்டுப் பார்க்கலாங்களா?” என்று ஜோசப்பின் கேட்டாள்.

“அவன் அதுக்கெல்லாம் மசியமாட்டான்” என்றார் யாகப்பன் கசப்போடு.

இப்படியே போய், நாடகத்தில் வில்லன் என்று யாருமே இல்லாமல் போயிற்று. வில்லன் இல்லாத நாடகத்தில் மாவீரனுக்கு என்ன வேலை என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது யாகப்பனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. மிச்சமிருப்பவர்களில் சட்டத்தை மீறியவன் ஒருவன் இருக்கிறானே! முகத்தை மறைத்து நடமாடியவன். யுத்த காலத்தில் அனுமதியின்றி ஆகாயத்தில் சஞ்சரித்து, எதிரியின் பாரசூட் வீரனோ என்ற ஐயத்தை உண்டாக்கியவன். ஆபீஸ் நேரத்தில் விடுப்பு மனு இல்லாமல் மேஜையை விட்டுப் போனவன். சர்க்கார் ஏரியில், சர்க்கார் தண்ணீரிலிருந்து, எந்த உத்தரவும் பெறாமல் ஒரு பொருளை வெளியே எடுத்தவன்.

பேனா ஓடியது. அப்படி ஓடி அவர் பார்த்ததேயில்லை. பறக்கும் துரையைப் பார்த்த அன்று உள்ளே ஊறத் தொடங்கியதெல்லாம் இப்போது மடை திறந்து கொட்டியது. குற்றச்சாட்டுகளில் எதுகை வந்தது, மோனை வந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, வாழ்நாளில் தாம் எழுதியவற்றில் இதுதான் சிறந்தது என்று அவருக்கே தெரிந்தது. அதுதான் அவருக்கு வருத்தமாகவும் இருந்தது.

புதிய ‘முகமூடி மாவீர’னில் மாவீரன் குழந்தையைக் காப்பாற்றுகிறான். உடனே தாசில்தார் விசாரணை நடத்தி அவனைச் சிறைக்கு அனுப்புகிறார். சுபம்.

ஆனால் விசாரணைக் காட்சியில் மாவீரனுக்கு ஒரே ஒரு வரி வைத்தார் யாகப்பன். “மனு எழுதி, முத்திரை வாங்கி வர்றதுக்குள்ள குழந்தை முழுகிப்போயிருக்கும், எஜமான்!” இந்த வரி கச்சேரியில் அவர் கண்ணில் பட்டது. நன்றாகப் பட்டது. பேனா அதன் மேல் போய் நின்றது. பிறகு அவர் ஜன்னல் வழியாக ராஜகிரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். சர்வீசில் அவர் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான். அந்த வரி மேடையில் ஒலிக்கும்போது ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள், எழுந்து நிற்பார்கள், கத்துவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அதன்பின் தம் வேலை இருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் வரியை எடுக்கவில்லை.

ஜீவராஜ் நயினாருக்கு மாற்றத்தில் ஆட்சேபணை இல்லை. “துப்பட்டி இருக்குதா?” என்று மட்டும் கேட்டார். இருந்தது.

திருவிழா அன்று மாதா கோயில் மைதானம் நிரம்பி வழிந்தது. மேல்மலையனூர்ப் பக்கமிருந்தும் வண்டி கட்டி வந்திருந்தார்கள். நிஜத் தாசில்தார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாடகத் தாசில்தாராக நடித்தவன் பாவாடை. இரவல் கோட்டும் தலைப்பாகையுமாக அவன் மேடையில் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்ததும், கூட்டம் முழுவதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றது. நிஜத் தாசில்தாரும் பாதி எழுந்து, பிறகு சுதாரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாவீரன் பறந்தான். புளியமரக் கிளையில் கிணற்றுக் கப்பியை மாட்டி, நாலு பேர் கயிறு இழுத்ததில், ஜீவராஜ் நயினார் தரையிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி உயரம் எழும்பினார். அந்த உயரத்திலேயே ஏரியைக் கடந்து குழந்தையைத் தூக்கினார். கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு விசாரணை. பாவாடை குற்றச்சாட்டுகளை முழங்கினான். ஒவ்வொன்றும் கணீர் கணீரென்று விழுந்தது. மாவீரன் தலை நிமிர்ந்தான். படுதாவுக்குப் பின்னால் யாகப்பன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“மனு எழுதி, முத்திரை வாங்கி வர்றதுக்குள்ள குழந்தை முழுகிப்போயிருக்கும், எஜமான்!”

மைதானம் அடங்கிப்போயிற்று. எங்கோ ஒரு காளையின் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. யாகப்பன் கண்களை மூடிக்கொண்டார். வருகிறது, இதோ வருகிறது.

வந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ராயம்மாள், பட்டியிலிருந்து பசுவை மீட்கச் செருப்புத் தேய நடந்தவள்.

“அதெப்படி?” என்று கத்தினாள். “எம் மாட்டுக்காக நான் எத்தினி நடை நடந்தேன்! இவரு ஒரு நடைகூட நடக்கலியே, பறந்தே பூட்டாரே!”

“அதானே!” என்றான் இன்னொருவன். “கெணறு வெட்ட மனுப் போட்டுட்டு எங்கப்பன் செத்தே பூட்டான். நாங்க எல்லாம் மனுசங்க இல்லியா?”

“குழந்தையை எடுத்தது சரி. போறப்போ கச்சேரிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா இன்னா கெட்டுப்போச்சு?”

“உள்ள தள்ளுங்க சாமி!”

பாவாடை தீர்ப்பு சொல்லி முடிக்குமுன் விசில் பறந்தது. ஆட்டுக்குட்டி உயரத்தில் பறந்தபோது கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல், மாவீரன் கையில் விலங்கு மாட்டியபோது கிடைத்தது. ஜீவராஜ் நயினார் வெயில் இருக்கும்போதே சிறைக்குப் போய், நேரத்தோடு சாப்பிட்டார்.

தாசில்தார் மேடைக்குப் பின்னால் வந்து யாகப்பன் தோளைத் தட்டினார். “அந்தக் குற்றச்சாட்டுப் பகுதி இருக்கு பாரும், அதுதான் ஓய் இலக்கியம்!”

யாகப்பன் கைகூப்பினார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வருத்தமாகத்தான் வைத்துக்கொள்ளப் பார்த்தார், அது மீறிச் சிரித்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது ஜோசப்பின் சொன்னாள்: “குழந்தை முழுகிப்போயிருக்கும்னு ஒரு வரி வந்துச்சே, அது நல்லா இருந்துச்சு. அந்தக் குமாஸ்தா எப்படி அதை விட்டான்?”

“அந்த நேரத்தில தூங்கிட்டான் போல.”

“அடிக்கடி தூங்கச் சொல்லுங்க” என்றாள்.

அடுத்துக் கச்சேரி திறந்த அன்று, யாகப்பன் மேஜை முன்னால் தொண்டூர்த் தங்கராசு என்கிற விவசாயி கைகட்டி நின்றான். நாடகம் பார்த்தவன்.

“சாமி, பறக்கறதுக்கு எந்தக் கச்சேரில மனுப் போடணும்?”

“எங்க பறக்கப் போற?”

“சந்தைக்குத்தான். பஸ்ஸுல ஏற முடியல, ஒரே கூட்டமா இருக்குது. ஜெயிலுக்கெல்லாம் என்னால போவ முடியாது, அதான் முறைப்படி கேட்டுக்கினு பறக்கலாம்னு.”

அவனுக்குப் பின்னால் இன்னும் பலர் நிற்பதை யாகப்பன் பார்த்தார். அடே, பறக்க முடிந்தால் பற, யாரையும் கேட்காதே என்று சொல்லிவிட வேண்டும்போல நெஞ்சில் ஏதோ பொங்கியது. வாயைத் திறந்தார்.

“இதுக்கு முன்னால பறந்தது இல்லேன்னு உங்க கிராம முன்சீப்கிட்ட ஒரு அத்தாட்சி வாங்கிட்டு வா” என்றது வாய்.

தங்கராசு கும்பிடு போட்டுவிட்டுச் சந்தோஷமாக நடந்து போனான். போனவன் தொங்கின முகத்தோடு திரும்பி வந்தான்.

“முன்சீப் அத்தாட்சி தரமாட்டேன்றாரு, சாமி. விசாரிச்சுத்தான் தருவாராம். நான் பறந்ததை ஊர்ல ரெண்டு பேரு கண்ணால பார்த்தோம்னு சொல்றாங்களாம்.”

“நீ பறந்தியா?”

தங்கராசு பதில் சொல்ல வாயெடுத்தான். அப்புறம், ஒருவேளை பறந்திருப்போமோ என்று கொஞ்சம் யோசித்தான்.